கூடுதலாக ஒரு மார்க்கும் கிடையாது

நான்கு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், கடலூரில் என் மகள் படித்த பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கை. செம்மங்குப்பத்தில் நான் பேக்கிங் வேலை பார்க்கும் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் பத்தாவதில் கணக்கில் வாங்கியதோ ஐம்பத்தெட்டு!

தலைமையாசிரியை மார்க்கைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டார். “ஃபர்ஸ்ட் குரூப்ப பொண்ணு தாங்காதும்மா. காமர்ஸ் எடுத்தா மார்க்க அள்ளலாம். கஷ்டமான குரூப்னு யாரும் கூட ஒரு மார்க் போட மாட்டாங்க, பாத்துக்குங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “மார்க்கு கொறைஞ்சா கொறையட்டும் டீச்சர். அவ கேக்குறது கணக்கு. அதக் குடுங்க” என்றேன். ஃபெயிலானால் பள்ளி பொறுப்பல்ல என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வாய்ச்சவடால் எல்லாம் காலாண்டுத் தேர்வு வரைக்கும்தான். கணக்கில் ஃபெயில். பேப்பரைப் பார்த்து பஸ் ஸ்டாண்டிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. “காமர்சுக்கே மாத்திக்கலாமாடி?” என்று கேட்டேன்.

“ஃபெயிலானது நானு. நீ ஏம்மா அழுவுற? நான் கணக்க விட மாட்டேன்.”

விடவும் இல்லை. விழுந்து விழுந்து படித்தாள். பிளஸ் டூவில் கணக்கில் எழுபத்தொன்று வந்தது. எனக்கு அது நூறு மாதிரி. ஆனால் சொந்தக்காரர்களுக்கு டோட்டல்தானே கணக்கு? கொழுந்தனார் மகள் காமர்சில் ஐந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டாள். ஸ்வீட் பாக்சோடு வந்த கொழுந்தனார், “என்னா அண்ணி, அவ்ளோ கஷ்டமான குரூப்பு, ஒரு மார்க்காச்சும் கூடப் போட்டானா?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன்.

அரசுக் கல்லூரி முதல் கலந்தாய்வுக்கு எங்களுக்கு அழைப்பே வரவில்லை. டோட்டல் அவ்வளவு பின்னால். தனியாரில் சேர்க்க வசதி இல்லை. இரண்டாவது கலந்தாய்வுக்குச் சிதம்பரத்தில் கூப்பிட்டார்கள். ஹால் நிறையக் கூட்டம். எல்லாரும் டோட்டலில் எங்களுக்கு முன்னால் இருப்பவர்கள். போச்சு, இவளுக்கு எங்கே கிடைக்கப் போகிறது!

அப்போது பேராசிரியர் ஒருவர் எழுந்து, “கணிதத்துல கொஞ்சம் சீட் இருக்கு. பிளஸ் டூல மேத்ஸ் படிச்சவங்க மட்டும் கை தூக்குங்க” என்றார்.

அத்தனை கூட்டத்தில் நாலைந்து கைதான் எழுந்தது. அதில் ஒன்று என் மகளுடையது. அடி ஆத்தீ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அப்பா விறுவிறுவென்று மேஜைக்குப் போனார். “சார், எம்பொண்ணு டோட்டல் ரொம்ப ஜாஸ்தி சார். கணக்குன்னா அவளுக்கு இஷ்டம்.” பேராசிரியர் வருத்தத்தோடுதான் சொன்னார். “காமர்ஸ் குரூப்புங்களே, குடுக்க முடியாதுங்க.”

அந்தப் பெண் என் மகளைப் பார்த்து மெதுவாக, “நானும் ஃபர்ஸ்ட் குரூப்தாங்க கேட்டேன். தாங்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க” என்றாள். எனக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தது.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு கணிதம். ஒவ்வொரு ஜூனிலும் கம்பெனியில் யாராவது, “அக்கா, எம்புள்ள கேட்ட குரூப்ப குடுக்க மாட்டேங்கிறாங்க” என்று வந்து நிற்பார்கள். நானும் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறேன். சிதம்பரத்தில் பார்த்த அந்தப் பெண்ணுக்காக பிளஸ் ஒன் சேர்க்கையன்றைக்கு ஒருத்தராவது அவள் பள்ளியில் நின்று பேசியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.