துரைராஜ் சாரின் கிரேக்கச் சொல்

போன வாரம் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியிலிருந்து துரைராஜ் சாரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, பேசினார். சார் காலமாகிவிட்டார். கொழுந்தன் தூத்துக்குடியிலிருந்து, அண்ணனை விமானத்தில் சொந்த மண்ணுக்கே அனுப்பச் சொல்கிறாராம். யோசித்துச் சொல்வதாக அக்கா வைத்துவிட்டார். எங்கள் சாரை மெயின்லேண்டில் யாருக்குத் தெரியும்?

எங்கள் தீவின் ஹட் பே பள்ளியில் அவர் ஆங்கிலம், நான் கணக்கு. அவரிடம் படித்தவர்கள் உடனே அழுதிருப்பீர்கள். அவரோடு கப்பலில் போனவர்கள் சற்று யோசித்தே அழுதிருப்பீர்கள். கப்பலே வாந்தியெடுக்கும் கடலில், பக்கத்துப் படுக்கைக்காரரைப் பிடித்து ஏதாவது ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் சொல்வார். "சொல்லுக்கும் பாஸ்போர்ட் உண்டு மணி, பிரிச்சுப் பாக்கணும்" என்பார். பக்கத்துப் படுக்கை பெரும்பாலும் என்னுடையது.

ஒருமுறை பள்ளிக் கூட்டத்துக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், இந்தத் தீவுகளில் மக்கள் 'ஸ்போராடிக்கலி' குடியேறியிருக்கிறார்கள் என்றார். அங்கொன்றும் இங்கொன்றுமாக என்று பொருள். சொன்ன தொனியோ, துடைப்பத்துக்குத் தப்பிய குப்பை என்பதுபோல. நான் சமோசாவில் கவனமாக இருந்தேன். சார் எழுந்துவிட்டார். அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், வேரில் இருப்பது விதைத்தல், அங்கே கடலில் இறைந்து கிடக்கும் தீவுகளுக்கே ஸ்போரடீஸ் என்றுதான் பெயர் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி இந்தியில்: "ஹம் லோக் பிக்ரா நஹி, போயா ஹுவா ஹை, சாப்." நாங்கள் சிதறிப்போனவர்கள் இல்லை, விதைக்கப்பட்டவர்கள். வங்காளி டீச்சர் மேசையைத் தட்டினார். சமோசாவை வைத்துவிட்டு நானும் தட்டினேன். அதிகாரிகூட எழுந்து கை கொடுத்தார்.

சார் போன அன்று சாயங்காலமே அக்கா மறுபடி பேசினார். "மணி சார், அவுகள ஊருக்குக் கூட்டிட்டு வாரேன். கல்லறையில எடம் சொல்லி வைங்க."

"எந்த ஊருக்கு அக்கா?" என்று கேட்டேன். கணக்கு வாத்தியார் புத்தி.

"இது என்ன கேள்வி? மொளச்ச எடத்துலேர்ந்து பிடுங்கி, வெதைய மறுபடி மூட்டையிலயா போடுவாங்க?"

மறுநாள் கப்பல் வந்தபோது ஹட் பே கப்பல் துறையில் வங்காளிகளும் தெலுங்கர்களும் மலையாளிகளும் நிக்கோபாரிகளும் நின்றார்கள். பெட்டியைத் தூக்க எல்லா மொழியிலும் போட்டி. எனக்குத் தோள் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

இங்கேயே பிறந்தும், மெயின்லேண்டில் சொந்த ஊர் கேட்டால் தாத்தாவின் தென்காசியைச் சொல்லித் தப்பித்து வந்தவன் நான். இனி ஹட் பே என்பேன். அது எங்கே என்று கேட்பவரை உட்காரவைத்து, கிரேக்கத்திலிருந்து தொடங்குவேன்.