கீழேயே கிடந்த கேன்

காய்ச்சல் பரவியபோது, பத்து வருடமாக எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் கேன் போடும் அண்ணன்தான் அதைக் கொண்டுவந்தார் என்று நிறுவினேன். தத்துவம் படித்தவன் என்பதால் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. "கேன்காரர் மாடி ஏறக்கூடாது" என்று எழுதி வாசலில் நானே ஒட்டினேன்.

அடுத்த வாரம் எனக்கே காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாம் நாள் கதவு தட்டப்பட்டது.

"சார், உங்க கேன் ரெண்டு நாளா கீழேயே கிடக்கு, உங்களுக்கும் காய்ச்சல்தான்னு புரிஞ்சுபோச்சு. தனியாளு, தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"மேலே வரக்கூடாதுன்னு..."

"படிச்சேன், கையெழுத்து முத்து முத்தா இருக்கு. மாஸ்க் போட்டிருக்கேன், திறங்க. டாக்டருக்கும் போன் போட்டாச்சு."

பெரிதாகப் பாராட்டமாட்டேன்; மூன்று மாடியும் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறினார்.

குணமானதும் அறிவிப்பைக் கிழிக்கப் போனேன். என் வாதத்தைவிடப் பசை உறுதி, பாதிதான் வந்தது. மீதியை அவர்தான் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டினார்.