அப்பாவின் வலது முட்டி

அப்பாவின் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை எங்கள் லயத்திலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான். அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். மாமாவுக்கும் அவரோடு கரப்பந்து விளையாடியவர்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே நொடியில் தெரிந்துபோனது. அந்த முட்டிக்கு எண்ணெய் தேய்த்து, அந்தோனியார் சுருவச் சிலைக்கு முன்னால் முழங்காலிட்டு, கடைசியில் கைவைத்தியமும் செய்து பார்த்த எனக்குத்தான் தெரியவில்லை.

தெஹியோவிட்டையிலிருந்து மேலே ஏறிப் போகும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் இருந்தது, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். விடிகிற நேரத்தில் மலைக்குப் போய் மரம் மரமாகச் சீவிவிட்டு, சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்து, பெக்டரியில் கொடுத்துவிட்டு மதியத்துக்கெல்லாம் வீடு வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு விறகு, தண்ணீர், துணி, அடுப்பு என்று இன்னொரு பொழுது தொடங்கும். அப்பாவுக்கு விளையாட்டு தொடங்கும். இந்த அநியாயத்தை அம்மா தினமும் சொல்லிக் காட்டுவார். சொல்லிவிட்டு, துணி காயப்போடும் சாக்கில் மைதானம் தெரிகிற பக்கமாகப் போய் நின்றுகொள்வார்.

அப்பா நல்ல உயரம். பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த லயத்து வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். அணிக்குத் தலைவரும் அவர்தான். மாமா வலைக்கு மேலே பந்தை மெல்ல எழுப்பிவிடுவார். எங்கே விழும் என்று பார்க்கவே மாட்டார். அப்பா அங்கே இருப்பார் என்று அவருக்குத் தெரியும். அப்பா எழும்பி அடித்தால் அந்தச் சத்தம் லயத்துக்குக் கேட்கும். கீழே கிராமத்துச் சிங்கள அணிக்காரர்கள்கூட அந்த அடியைக் கண்டால் தலையில் கை வைத்துக்கொண்டு, “அப்போ, மே மினிஹா!” என்பார்கள். என்ன மனுஷன்டா இவன் என்று அர்த்தம். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிக் காட்டுவேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. விலை எங்கே இருந்தது, எங்கே விழுந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தோட்டத்தில் வேலை நாளைக் குறைத்தார்கள், வீட்டில் டின் மீன் நின்றது, பிறகு பலாக்காய் வந்தது. பலாக்காய்க் குழம்பு, பலாக்கொட்டை வறுவல், அவித்த பலாச்சுளை என்று அம்மா விதவிதமாகச் செய்து பார்த்தார். எத்தனை வேஷம் போட்டாலும் பலாக்காய் பலாக்காய்தான். அந்த நாட்களில்தான் அப்பா மைதானத்துக்குப் போவதை நிறுத்தினார்.

மாமா ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

“என்ன மச்சான், கிரவுண்டுப் பக்கமே காணோம்?”

“முட்டி வலிக்குது மாப்ள. வலது முட்டி. குதிச்சா உசிரு போவுது.”

“வெதமாத்தயாகிட்ட காட்டுனீங்களா?”

“காட்டிட்டேன். தெனம் அந்திக்கு வரச் சொல்லியிருக்காரு.”

வெதமாத்தயா என்பவர் கீழே கிராமத்தில் இருந்த சிங்கள வைத்தியர். எலும்பு முறிவு, சுளுக்கு எல்லாவற்றுக்கும் பெயர்போனவர். அவரிடம் போகிறேன் என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். மாமாவும் பேசவில்லை. “சீக்கிரம் சொகமாக்கிக்கிட்டு வாங்க மச்சான், சித்திரைக்கு கமக்காரங்களோட மெட்ச் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கமக்காரர் என்றால் கீழே கிராமத்துச் சிங்கள அணிக்காரர்கள்.

அப்பா தினமும் மாலையில் போனது வெதமாத்தயா வீட்டுக்கு அல்ல, ஆற்றுக்கு. அங்கே ஒரு முதலாளியின் லொறிக்கு மணல் அள்ளி ஏற்றினார். இது எனக்கு வளர்ந்த பிறகு அம்மா சொன்னது. அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். கஷ்டம் எல்லார் வீட்டிலும்தான் இருந்ததாம். விளையாடுகிற நேரத்தில் வேலைக்குப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால், மற்றவர்கள் எந்த முகத்தோடு மைதானத்தில் நிற்பார்கள்? “ஒங்க மாமா அன்னைக்கே வலையக் கழட்டிருப்பான்” என்றார் அம்மா. முட்டி வலி என்றால் ஒருவரோடு போய்விடும். வலை நிற்கும்.

இதெல்லாம் தெரியாத நான் முட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அப்பா இருட்டுகிற நேரத்தில் ஆற்றிலேயே குளித்துவிட்டு வருவார். வந்து பாயில் காலை நீட்டியதும் நான் எண்ணெய்ப் போத்தலோடு உட்கார்ந்துவிடுவேன். அவர் காதுமடலிலும் இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்து மடிப்பிலும் மணல் இருக்கும். அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஒரு நிமிஷம் அடுப்பைப் பார்த்துவிட்டு, “வெதமாத்தயா சுடுமணல் ஒத்தடம் குடுக்குறாருடி” என்றார். காதுக்கு ஏன் ஒத்தடம் என்று நான் கேட்கவில்லை. சிங்கள வைத்தியம் அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டேன்.

“வலிக்குதாப்பா?” என்று கேட்பேன்.

“நீ தேய்ச்சா வலிக்கவே மாட்டேங்குது பாப்பா” என்பார். பாதித் தேய்ப்பிலேயே குறட்டை விட்டுவிடுவார். அவர் கையைத் தூக்கி ஓரமாக வைக்கும்போது உள்ளங்கை கொப்புளமும் காய்ப்புமாக இருக்கும். எனக்குக் கையைப் பற்றிக் கவலை இல்லை. நோவு முட்டியில் அல்லவா.

எண்ணெயில் பலன் தெரியவில்லை. டி.வி.யில் கரப்பந்து விளையாடுகிறவர்கள் முட்டியில் கறுப்பாக ஏதோ மாட்டியிருப்பதைப் பார்த்திருந்தேன். அப்பாவுக்கு அப்படி ஒன்று இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. கடையில் அது என்ன விலை என்று கேட்கிற வயது எனக்கு இல்லை. ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு ரப்பர் சாமானைக் கடையில் வாங்க வேண்டும் என்று ஏன் தோன்ற வேண்டும்?

மாமாவிடம் ஒரு சோடி நீள மேஸ் இருந்தது. காலுறையைத்தான் நாங்கள் மேஸ் என்போம். முழங்கால் வரை வரும், மேலே சிவப்புக் கோடு போட்டது. மெட்ச் நாளில் மட்டும் போடுவார். கொடியில் காய்ந்த அதில் ஒன்றை எடுத்து, பாதத்துப் பக்கத்தைக் கத்தரித்து எறிந்தேன். மீதியைக் காலி பால்மா டின்னில் இறுக்கமாக மாட்டினேன். பால் சேர்த்து முடிந்த பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். அப்படிப் பிந்தி வடிகிற பாலைப் பிள்ளைகள் எடுத்தால் யாரும் திட்ட மாட்டார்கள். லயத்துக்குப் பக்கத்து மரங்களில் அதைச் சேர்த்து, மேஸின்மேல் பூசி, வெயிலில் காயவைத்து, மறுபடி பூசி, கடைசியில் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டேன். வீடு முழுக்க நாற்றம். “எலி செத்துக் கெடக்கா பாரு” என்று அம்மா பெட்டிகளையெல்லாம் இழுத்துப் பார்த்தார். மாமா அடுத்த காம்பராவில் ஒற்றை மேஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் சந்தேகப்பட்டார்.

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வலது காலில் மாட்டிக்கொண்டார். அன்று அவருக்கு உண்மையாகவே முட்டி வலித்தது. ஏனென்றால் ரப்பர் மயிரோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது அவ்வளவையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. அப்பா போட்ட சத்தத்துக்கு மாமா ஓடி வந்தார். பால்மா டின்னின் கதையைக் கேட்டு, வழித்த கோழி போல இருந்த முட்டியையும் தன் மேஸையும் மாறி மாறிப் பார்த்து, சுவரில் சாய்ந்து சிரித்தார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலாக்காய் வந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து அப்பா மாவு தடவிவிட்டு அதை மாட்டிக்கொண்டு வெதமாத்தயாவிடம் போனார்.

பிறகு ஒரு நாள் நல்ல மழை. மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்டு இல்லை. ஆறு கலங்கி ஏறிவிடும், மணலும் இல்லை. அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கிற நாள் அது ஒன்றுதான். ஆனால் மழை நாளில் மைதானத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுக் குடையோடு ஏறி வந்தபோது, மைதானத்தில் யாரோ தனியாகக் குதிப்பது தெரிந்தது. அப்பாதான். வலை நனைந்து தொங்கியது. பந்து இல்லை. நாலு எட்டு ஓடி வருவார், எழும்புவார், வெறும் காற்றை ஓங்கி அடிப்பார், தண்ணீர் தெறிக்க இறங்குவார். இறங்கியதும் பந்து எங்கே விழுந்தது என்று அந்தப் பக்கம் பார்ப்பார். மறுபடி பின்னால் போவார். முகம் முழுக்க மழை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் வைத்தியம் பலித்துவிட்டது! அப்பாவைக் கூப்பிடக்கூட இல்லை. லயத்துக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் கை அரிசி களைகிற சட்டியிலேயே நின்றது. “மழையில நனைஞ்சுகிட்டா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “யாருக்கும் சொல்லாத” என்றார். அதற்குள் நான் அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து அடுத்ததற்கு. அப்பாவுக்குக் கால் சுகமாகிவிட்டது என்று லயம் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் குடையை மடக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா அணியையே அழைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். சித்திரை மெட்ச் நெருங்கியிருந்தது. பந்து மாமாவின் இடுப்பில் இருந்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு ஆற்றுக்குக் கிளம்பி வெளியே வந்தார்.

“பாப்பா சொன்னுச்சு மச்சான், கால் சொகமாயிருச்சாமே! வாங்க, ஒரு கேம் போட்டுப் பாப்போம்.”

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. என்னவோ கேட்கிற மாதிரி பார்த்தார். பிறகு பந்தைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“எங்க மாப்ள சொகமாச்சு? எறங்குனா தெரியுது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வாசல் படியிலிருந்து இறங்கி நொண்டினார். நாலைந்து அடி நன்றாக இழுத்து இழுத்து நொண்டினார். நான் செய்த ரப்பர் வலது முட்டியில் இருந்தது. அப்பா இழுத்து நொண்டியது இடது காலை.

மாமா அந்த ரப்பரைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார், துண்டைப் பிடித்திருந்த அப்பாவின் கையைப் பார்த்தார். பந்தை ஒரு பக்கத்து இடுப்பிலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“ஆமா மச்சான்” என்றார். “நடையப் பாத்தாலே தெரியுதே. இன்னும் சொகமாகல. நீங்க வெதமாத்தயாகிட்ட போயிட்டு வாங்க. ஒங்க எடம் எங்கயும் போயிறாது.”

மற்றவர்களும், ஆமாம் ஆமாம், அவசரப்படக் கூடாது, முட்டி விஷயம் லேசு இல்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அப்பா தலையாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

எனக்குத்தான் அழுகை பொங்கியது. நான் கண்ணால் பார்த்தேனே! பிறகு எனக்கு விளங்கிவிட்டது. “மாமா, வலி இந்தக் கால்ல இருந்து அந்தக் காலுக்கு எறங்கிருச்சு! ரப்பரு நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு!” என்று கத்தினேன். அணியில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொய்யா மரத்தைப் பார்க்கத் தொடங்கினார். மாமா எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“ஆமாடி பாப்பா. அப்படித்தான் ஆயிருக்கு.”

எழுந்து தன் காம்பராவுக்குள் போனார். வரும்போது கையில் மற்ற மேஸ் இருந்தது.

“இந்தா, இதயும் முக்கி ஒங்கப்பாவுக்குக் குடு.”

“இது நல்ல மேஸ் மாமா.”

“ஒத்த மேஸ வச்சு நான் என்னடி செய்ய?”

சித்திரை மெட்சை எங்கள் ஆட்கள் ஐந்து பேராகவே ஆடினார்கள். வலையோரத்தில் அப்பாவின் இடத்தில் யாரையும் போடவில்லை. மாமா பழக்கத்தில் இரண்டு மூன்று தடவை பந்தை அங்கே தூக்கிவிட்டார். அது போய்ச் சும்மா விழுந்தது. தோற்றுத்தான் போனார்கள். வேறு ஆளைச் சேர்த்தால் என்ன என்று மாமாவிடம் சண்டை பிடித்தேன். “ஆளு இருக்காருடி, கால் சொகமாகட்டும்” என்றார்.

இரண்டாவது ரப்பர் காய்ந்ததும் அப்பா இரண்டு முட்டியிலும் மாட்டிக்கொண்டு வெதமாத்தயாவிடம் புறப்பட்டார். நான் லயத்து வாசலில் நின்று பார்த்தேன். கீழே மாமாவும் மற்றவர்களும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா விறுவிறு என்று நடந்தார். நோவு உள்ளவர் நடக்கிற நடையா அது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மைதானத்துக்குப் பக்கத்தில் போனதும் நொண்டினார். மாமா கையைத் தூக்கிக் காட்டினார், அப்பாவும் காட்டினார். மைதானத்தைத் தாண்டியதும் மறுபடி விறுவிறு என்று இறங்கினார்.

அந்த இடத்தில் மட்டும் பாதை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.