இரண்டு நாடுகளும் ஒரு புள்ளியும்

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

திபெத்திய மொழி எங்கெங்கே பேசப்படுகிறது, ருமேனிய மொழி எங்கெங்கே பேசப்படுகிறது என்று ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் என் மேலாளர். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கைபேசியில் வரும் சொற்களைப் பல மொழிகளில் சரிபார்த்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. அலுவலகம் கோலாலம்பூரில். நான் பெரும்பாலும் புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்தே வேலை பார்க்கிறேன். தமிழைக் கவனிப்பதோடு சின்ன மொழிக்காரர்கள் சிலரை ஒருங்கிணைப்பதும் அப்போது என் பொறுப்பு. திபெத்தியத்தைப் பார்த்தவள் காட்மாண்டுவில் பிறந்தவள், அகதிகளின் மகள். ருமேனியத்தைப் பார்த்தவள் மால்டோவாக்காரி. இருவரும் வேலை பெர்மிட்டில் கோலாலம்பூரில் தங்கியிருந்தார்கள்.

இணையத்தில் தேடி எழுதுவதைவிட அவர்களையே கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரவழைத்து, கடலோரத்துச் சுங்கை செம்பிலாங்கில் நண்டு சாப்பிட அழைத்துப் போனேன். மால்டோவாக்காரி சொன்னதைக் கேட்டு எனக்கு வியப்பாக இருந்தது. சோவியத் காலத்தில் அவள் அம்மா அதே மொழியை ரஷ்ய எழுத்தில்தான் எழுதப் படித்தாராம். அதற்கு மால்டோவிய மொழி என்று வேறு பெயராம். இப்போது சட்டத்திலேயே ருமேனியம் என்று ஆகிவிட்டது. ருமேனியா, மால்டோவா தவிர உக்ரைனில் சில ஊர்கள், செர்பியாவின் வடக்கு, பிழைக்கப் போன இத்தாலி, ஸ்பெயின் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

திபெத்தியப் பெண் நண்டை உடைக்கத் தெரியாமல் திணறியபடி பேசினாள். திபெத் என்று பெயர் போட்ட பகுதியில் மட்டுமல்ல, அதற்குக் கிழக்கே உள்ள சீன மாநிலங்களின் மேட்டு நிலங்களிலும் பேசுகிறார்கள். நேபாளத்தின் வடக்கு மலைகளில் அதற்கு நெருங்கிய மொழிகள் உண்டு. லடாக்காரர் பேசினால் அவளுக்குப் பாதிதான் புரியும், ஆனால் எழுத்து ஒன்றுதான். அவள் அத்தை கர்நாடகாவில் அகதிகள் குடியிருப்பில் மக்காச்சோளம் பயிரிடுகிறார். வீட்டில் திபெத்தியம், கடைக்குப் போனால் கன்னடம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் இணையவழிக் கூட்டம். திரையில் என் பக்கம் வரவில்லை. மேலாளர் ஒரு உலக வரைபடத்தைப் போட்டார். ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் நீல வண்ணம் அடித்திருந்தது. சீனாவுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. மற்றதெல்லாம் சாம்பல். திபெத்தியருக்குத் தனி நாடு கிடையாது, சீனாவுக்குச் சீன மொழி ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே மாதக் கடைசியோடு திபெத்தியத்தை மூடுகிறோம் என்றார். நான் எழுதிக் கொடுத்தது இரண்டில் ஒன்றை வெட்டுவதற்காக என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணும் கூட்டத்தில் இருந்தாள். அவள் முகம் திரையில் ஓர் ஓரத்தில் அசையாமல் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் மேலாளரைப் போனில் கூப்பிட்டேன். அவரும் தமிழர்தான். உலு யாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்.

"நேபாளத்துல இருக்கறவங்க, கர்நாடகாவுல இருக்கறவங்கல்லாம் எங்க போனாங்க பாஸ்? நான் எழுதித்தானே குடுத்தேன்."

"அதெல்லாம் செதறிக் கெடக்கற ஆளுங்கம்மா. அதுக்கெல்லாம் மேப் போட முடியாது. நாடுதான் கணக்கு."

"அப்ப தமிழுக்கு ஒரு மேப் போடுங்க. மலேசியாவுக்கு என்ன கலர் அடிப்பீங்க?"

"தமிழ் வேற லா. நமக்கு இந்தியா இருக்கு, சிலோன் இருக்கு, சிங்கப்பூர் இருக்கு."

"நான் இந்தியாவுல இல்ல. நீங்களும் உலு யாம்லதான பொறந்தீங்க? உங்கம்மா எந்தக் கலருக்குள்ள நின்னு உங்களத் திட்டுனாங்க?"

சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினேன். மாலையில் வந்த கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடு லா, ஒன் வேலையா போச்சு?" என்றார். அவர் மீதும் எரிந்து விழுந்தேன். எங்கள் தாமான், அதாவது இந்தக் குடியிருப்பு, நிற்பது முன்பு தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் வரிசையாக இருந்த நிலத்தில். தோட்டத்தை விற்றபோதும் ஒரு வரைபடத்தை விரித்துத்தான் காட்டினார்களாம். சாலை, கடை வரிசை, வீட்டு மனை எல்லாம் அதில் இருந்தன. லயத்தில் குடியிருந்த என் அப்பாவைப் போன்றவர்கள் அதில் எங்கும் இல்லை. நாடு இல்லை என்றால் மொழி இல்லை, கிராண்ட் என்ற நிலப் பட்டா இல்லை என்றால் வீடு இல்லை. இந்தக் கணக்கைப் போடுகிறவர்களுக்குச் சொந்த நாடும் சொந்த வீடும் எப்போதும் இருக்கின்றன.

மறுநாள் தலைமையகத்துக்கு என் பழைய பக்கத்தை அனுப்பி, அந்த வரைபடத்தோடு என் பெயரைச் சேர்க்கக்கூடாது என்று எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. மால்டோவாக்காரி அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: என் அம்மா காலத்துப் பெயரிலேயே என் மொழி இருந்திருந்தால் ஒரு நாடு குறைந்திருக்குமே, என்னையும் மூடியிருப்பீர்களா? மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவள் வேலையில் தொடர்ந்தாள். அவளுக்கும் வயிறு இருக்கிறது.

வேலை போனதும் திபெத்தியப் பெண்ணின் பெர்மிட்டும் போயிற்று. அவளை விமான நிலையத்துக்கு நானே காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் நான்தான் பொரிந்து தள்ளினேன். அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டு வந்து, தனக்கு இது பழகிவிட்டது என்றாள். என்னை அதிகமாகச் சுட்டது அந்தச் சொல்தான். பழகக்கூடாது என்று கத்தினேன். பக்கத்தில் பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனாள். இப்போது காட்மாண்டுவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள்.

ஒருங்கிணைக்கும் பொறுப்பை நான் விட்டுவிட்டேன். தமிழை மட்டும் பார்க்கிறேன். மேலாளரோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு டின் முறுக்கு வந்தது. கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.