கருத்துப்போன கறி

எங்கள் செவலைக் காளைக்கு முன்னங்கால் மூட்டு வீங்கி, ஏருக்கும் வண்டிக்கும் ஆகாமல் போனது. இனித் தேறாது என்று மாட்டு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். சந்தைக்கு ஓட்டினால் எத்தனை கை மாறி, எந்த லாரியில் நெரிபட்டுப் போகுமோ என்று எனக்குப் பயம். திண்டிவனத்தில் மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவிடமே கொடுத்தேன். மிரளாமல் போய்ச் சேரவேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை.

மாமா முதல் நாளே கொண்டுவரச் சொல்வார். தண்ணீர் காட்டி, ஓய்வு கொடுத்து, வண்டியில் வந்த மிரட்சி அடங்கிய பிறகுதான் அறுப்பார். இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார்.

"கட்டிட்டு கெளம்பிடு. காலீல வந்து நிக்காத. வளத்தவன் மொகத்த பாத்தா மாடு அடங்காது."

தலையாட்டினேன். உள்ளுக்குள் சிரித்தேன். பதினோரு வருஷம் என் குரலுக்குத் திரும்பிய மாடு. நான் பக்கத்தில் நின்றால் அதற்குத் தைரியமாக இருக்காதா? மாமாவுக்குக் கறியைத் தெரியும், என் மாட்டை எனக்குத்தான் தெரியும் என்று ஒரு திமிர்.

மறுநாள் காலை எங்கள் ஊர் கெடாரிலிருந்து மல்லாட்டைக் கொடி, அதுதான் வேர்க்கடலைக் கொடி, ஒரு கட்டோடு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது. கொடியில் வாய் வைக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போக வந்தேன் என்று நினைத்திருக்கும். நான் அவிழ்க்கவில்லை என்றதும் திமிற ஆரம்பித்தது. நான் நகர்ந்தால் கத்தியது; கத்தினால் அதனிடமே திரும்பி ஓடினேன். அடங்கட்டும் என்று மாமா காத்திருந்தார். போ, போ என்று எத்தனையோ தடவை சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. மதியம் வரை திமிறி, நுரை தள்ளி, வீங்கிய கால் மடங்கி விழுந்துவிட்டது. இனி வைத்திருப்பது பாவம் என்று மாமா என் கையைப் பிடித்து வெளியே தள்ளினார்.

சாயங்காலம் கடையில் தொங்கிய கறி சிவப்பாக இல்லை. கருத்து, வறண்டு, கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"ஒடம்புல இருந்த தெம்பெல்லாம் திமிறியே தீந்துபோச்சி. இந்தக் கறி நாளைக்கித் தாங்காது" என்றார் மாமா.

கறி வாங்க வந்த ஓர் அம்மா விரலால் அமுக்கிப் பார்த்து, "பழசா?" என்றார்.

"இல்லிங்க, இன்னிக்கி அறுத்ததுதான்" என்றேன். நம்பாமல் போய்விட்டார்.

மாமா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் அழுவதைப் பார்த்து அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"வுடுப்பா. அது இங்க ஒண்ணும் கஷ்டப்படல. நீ வர்ற வரிக்கும் படுத்துகினு அசபோட்டுகினுதான் இருந்திச்சி."