தோட்டத்துக்கு ஏறிய கூட்டம்

நான் வலயக் கல்வி அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தபோது, தெரணியகலைப் பக்கம் ஒரு கூட்டத்தில் என்னைப் பேசவே விடவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிதி ஒதுக்காமல், வசதி குறைந்த தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று பெற்றோரிடம் கேட்கப் போயிருந்தேன்.

டவுன் பாடசாலைப் பெற்றோரில் மோட்டர் பாட்ஸ் கடை சுனில் எழுந்து, “எங்க பிள்ளைங்களோட சல்லியைத் தோட்டத்துக்குக் குடுக்கப் போறீங்களா மிஸ்?” என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். மண்டபமே அவரோடு சேர்ந்துகொண்டது. கொண்டுபோன விளக்கப்படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

தோட்டத்தில் கேட்டால் அங்கேயும் வேண்டாம் என்றார்கள். கொழுந்து எடுக்கும் செல்வராணி அக்காதான் காரணத்தைச் சொன்னார். “மாத்தப் போறோம்னு சொல்லித்தாங்க பக்கத்து டிவிசன் ஸ்கூல மூடுனாங்க. இருக்கிறதும் போயிருமோன்னு பயமா இருக்கு.”

திட்டம் என்னவென்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

அடுத்த கூட்டத்தைத் தோட்டப் பாடசாலையில் வைக்கலாமா என்று எங்கள் வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“டவுன் ஆக்கள் மேல ஏறி வருவினமே பிள்ளை?”

“வருவாங்க சேர். அவங்க இல்லாம முடிவெடுத்துருவோம்னு பயம் இருக்கே.”

டவுன் பெற்றோர் வேனிலும் த்ரீவீலரிலும் வந்து இறங்கினார்கள். கூட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் சுனிலின் மனைவி குசும், டொய்லட் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். செல்வராணி அக்கா கூட்டிப்போனார். முழுப் பாடசாலைக்கும் ஒன்றுதான். தண்ணீரைக் கீழே ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்து வாளியில் தூக்கி வர வேண்டும். அக்காவே தூக்கி வந்து கொடுத்தார்.

திரும்பி வந்த குசும் உட்காரவில்லை. “பெரிய பொம்பளப் பிள்ளைங்க இங்க என்ன செய்றாங்க?”

“லயத்து வீட்டுக்கு ஓடி வருவாங்க நோனா. சில நாள் ஸ்கூலுக்கே வர மாட்டாங்க.” செல்வராணி அக்கா சிங்களத்திலேயே சொன்னார்.

சுனில் எழுந்தார். “எங்களுக்குக் குறையுமா? அத மட்டும் சொல்லுங்க மிஸ்.”

“இப்ப கிடைக்கிறது குறையாது. புதுசா வர்றதுலதான் இவங்களுக்கு முதலிடம். எந்த ஸ்கூலையும் மூடவும் மாட்டோம்.”

“எழுத்தில தாறன்,” என்றார் பணிப்பாளர்.

சம்மதம் என்று முதலில் குசும் கையைத் தூக்கினார். சுனில் மனைவியைப் பார்த்தார். பிறகு அவரும் தூக்கினார். அதற்குப் பிறகு தூக்காத கை ஒன்றுகூட இல்லை. இறங்கி வரும்போது பணிப்பாளர், “கூட்டத்தையே வெண்டிட்டீர் பிள்ளை!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

புது டொய்லட் வரிசைக்குக் குழாய் திறந்த அன்று டவுன் பெற்றோரும் வந்து கைதட்டினார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திட்டத்தை விளக்குவதற்கு முன்னால், எதை இழந்துவிடுவோம் என்று மக்கள் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். கூட்டத்தை எங்கே வைப்பது என்று அதற்குப் பிறகு யோசியுங்கள்.