முந்து மோட்டார்

எங்கள் ஊருக்குக் காலையில் வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "கலெக்‌ஷன் லேதம்மா" என்றார் கண்டக்டர், வசூல் இல்லையாம். தினமும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போன எங்களுக்கு, அந்தப் பஸ் காலியாகத்தான் ஓடியது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊர் ஆந்திராவில், விஜயபுரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை நகரியில். கடை எட்டு மணிக்குத் திறக்கும். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால் கிளம்பும். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் சொன்னார்: "அம்மா, அடுத்த மாசம் மொதல் திங்கக்கிழமையிலேர்ந்து எட்டுக்குக் கரெக்டா வரணும். முடியலன்னா சொல்லிடு, நான் வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காத."

தப்பாக நினைக்கவில்லை. பயந்துதான் போனேன். அந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டில் நான் சொல்வதை யாரும் ஒரே தடவையில் காதில் வாங்கியது கிடையாது. கடையில் 'இதைச் சாப்பிட்ட பிறகு போடுங்க' என்று நான் சொன்னால், மீசை வைத்த பெரிய மனிதர்கள்கூடத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது.

என் வீட்டுக்காரர் விடியும்போதே பைக்கை எடுத்துக்கொண்டு ஏர்பேடு பக்கம் கம்பெனிக்குப் போய்விடுவார். நகரி ஒரு திசை, ஏர்பேடு ஒரு திசை. எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னார். இன்னும் நேரம் கிடைக்கவில்லை, பாவம். அவருடைய அண்ணன், அதாவது என் மச்சாண்டார், பிரச்சினையை ஒரே நிமிடத்தில் தீர்த்துவைத்தார். "இன்னாத்துக்குமா இந்த ரோதனை? வேலைய உட்டுட்டு ஊட்ல குந்திக்கினு நிம்மதியா இரு." அவர் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக இருக்கிறவர், அனுபவத்தில்தான் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய என் லேடீஸ் சைக்கிள் ஒன்று கொல்லையில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மோட்டார் வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் நகரியில் பவர்லூம் ஷெட்டுக்குப் பக்கத்துவீட்டில் பிறந்தவள். மோட்டார் ஓடினால் சோறு, நின்றால் சண்டை என்று வளர்ந்தவளுக்கு மோட்டாரைக் கண்டு பயமில்லை. போனில் தெலுங்கு வீடியோ, இந்தி வீடியோ எல்லாம் பார்த்தேன். இந்தி புரியவில்லை, கை மட்டும் பார்த்தேன்.

நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊரில் இத்தனை இன்ஜினியர்கள் இருக்கிறார்களா என்று ஆகிவிட்டது. ஒருத்தர் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டச் சொன்னார். மச்சாண்டார் பேட்டரி இலாகாவை எடுத்துக்கொண்டார். "லித்தியம்லாம் வெடிக்கும்மா. என்னாண்ட பழைய ஆட்டோ பேட்டரி மூணு கீது. பின்னாடி கட்டிக்கினு போ, கும்முனு இருக்கும்." அந்த மூன்றையும் ஏற்றினால் சைக்கிளில் எனக்கு இடம் இருக்காது, கொஞ்ச தூரம் போனால் சைக்கிளும் இருக்காது. வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கு எங்கேயோ ஒரு ஸ்கூட்டர் எரியும் வீடியோவை அனுப்ப ஆரம்பித்தார், மேலே ரோஜாப்பூ போட்டு, குட் மார்னிங் சொல்லி.

எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எவ்ளோ ஸ்பீடு போவும்?" எப்படி நிற்கும் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. நான் முதலில் வாங்கியதே பிரேக் கட்டைகள்தான்.

மற்ற சாமான் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போனோம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனது தப்பாகிவிட்டது. நான் கேள்வி கேட்பேன். மோட்டார் கடைக்காரர் பதிலை அவருக்குச் சொல்வார். இவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துத் தலையாட்டுவார். முன் சக்கர மோட்டாரா, பின் சக்கர மோட்டாரா என்பதுதான் முக்கியமான விஷயம். நகரிக்குப் போகிற வழியில் எங்கள் ஏரிக்கரை மேட்டில் ரோடு பாதி, மணல் பாதி. ஆள் கனமும் பேட்டரி கனமும் பின்னால் இருக்கும்போது, மோட்டாரும் பின் சக்கரத்தில் இருந்தால்தான் மணலில் வழுக்காமல் தள்ளும். 'வெனக மோட்டார், வெனக மோட்டார்' என்று தெலுங்கில் சொன்னேன். பின் சக்கர மோட்டார் என்று அர்த்தம். கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம், "சார், பைக்குக்கு எந்த ஆயில் போடுறீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மேடம், ஏ கலர் காவாலி?" என்ன கலர் வேண்டுமாம்.

இன்னொன்றும் கேட்டேன். மோட்டார் சுற்றும் வேகத்தில் அதன் அச்சு கழன்று வராமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பட்டை உண்டு. அதெல்லாம் தேவையில்லை சார் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். விழப்போவது நான், தேவையில்லை என்று முடிவு செய்ய இவர்கள் இரண்டு பேர். கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றேன். சலித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

லித்தியம் பேட்டரியை ஆர்டருக்குத்தான் கட்டுவார்களாம், ஒரு வாரம் ஆகுமாம். மோட்டாரும் அன்றைக்கு ஸ்டாக் இல்லை. வந்ததும் பஸ் பார்சலில் போடுகிறேன் என்றார். மோட்டார் முதலில் வந்துவிட்டால், பேட்டரி வருவதற்குள் சக்கரத்தை மாட்டி வைக்கலாமே என்று ஊருக்கு வந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். நல்ல சுத்தமான தெலுங்கில்: "முந்து மோட்டார் பம்பண்டி. பேட்டரி தருவாத்த பர்வாலேது."

முதலில் மோட்டாரை அனுப்புங்கள், பேட்டரி அப்புறம் வந்தால் பரவாயில்லை. இதுதான் நான் சொன்னது. தெலுங்கில் 'முந்து' என்றால் முதலில். 'முந்து' என்றால் முன்பக்கம் என்றும் அர்த்தம். நாள் முழுக்கத் தெலுங்கு பேசுகிறவள்தான் நான். கடைக்கு வந்து ஒருத்தர் 'மந்து' என்றால் மருந்தைக் கேட்கிறாரா, சாராயத்தைக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் 'முந்து'வில் போய் விழுந்தேன்.

புதன்கிழமை பார்சல் வந்தது. பிரித்ததும் என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமே, இதுல செயின் எங்க மாட்றது?"

செயின் பல்சக்கரம் மாட்ட இடமே இல்லை. வந்திருந்தது முன் சக்கர மோட்டார். கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் கத்தவில்லை, நான் அனுப்பிய குரல் பதிவையே எனக்குத் திருப்பி அனுப்பினார். என் குரலில் நானே கேட்டேன்: முந்து மோட்டார் பம்பண்டி. ஆகா, என்ன அழகான உச்சரிப்பு. கடையில் நின்று 'வெனக' என்று தொண்டை வறளக் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. அனுப்பிய ஒரே ஒரு 'முந்து' கல்வெட்டு ஆகிவிட்டது. மாற்றிக் கொடுக்கப் பத்து நாள் ஆகும் என்றார். எனக்கு இருந்தது திங்கட்கிழமை வரைக்கும்தான்.

சரி, வந்தது வந்துவிட்டது என்று அதையே முன் சக்கரத்தில் மாட்டினேன். வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். இரும்புப் பட்டையை இறுக்கினேன், நிறத்துக்கு நிறம் பார்த்து ஒயரைச் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பேட்டரியும் வந்தது. அதைப் பின் கேரியரில் கட்டி, சனிக்கிழமை சாயந்திரம் வெளியே எடுத்தேன். தெருவே கூடிவிட்டது. தேர்த் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு பேர் நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

சமதரையில் ஜோராகத்தான் போனது. ஏரிக்கரை மேட்டில், மணல் தொடங்கும் இடத்தில், முன் சக்கரம் நின்ற இடத்திலேயே கரகரவென்று சுற்றியது. கனம் முழுக்கப் பின்னால் இருக்கிறது. இழுக்கிற சக்கரம் முன்னால் காற்றாடியாகச் சுற்றுகிறது. சைக்கிள் மண்ணைக் கவ்வியது, கூடவே நானும். முழங்கை சிராய்த்துவிட்டது. மச்சாண்டார் தன் வேட்டித் தூசியைத் தட்டிக்கொண்டே, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னது ஆட்டோ பேட்டரியைப் பற்றி. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கைக்கு மஞ்சள் வைத்துவிட்டார். "நீ ஒண்ணும் செய்ய வேணாம், நான் போய் டிபன் வாங்கிக்கினு வரேன்" என்று போனார். வாங்கிக்கொண்டு வர வழக்கத்தைவிட நேரம் ஆனது. இட்லியோடு எனக்குப் பிடிக்கும் என்று வடையும் வாங்கி வந்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு வடை பிடிக்கும் என்று அவருக்கு ஞாபகம் வந்ததே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு தின்று முடித்தேன்.

மறுநாள் மத்தியானம் ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் சைக்கிள் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். மோட்டாரை மாற்ற முடியாது. கனத்தை மாற்றலாமே. பேட்டரியைப் பின்னாலிருந்து கழற்றி, சைக்கிள் கடையில் வாங்கி வந்த முன் கேரியரில், சக்கரத்துக்கு நேர் மேலே வைத்து, பழைய ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, வயிறு தள்ளிக்கொண்டு நிற்பது மாதிரி. ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மணலில் ஹேண்டிலை அழுத்திப் பிடித்து, முன்னால் குனிந்து, பெடலையும் மிதித்தேன். கொஞ்சம் திணறியது. அப்புறம் ஏறிவிட்டது. மேலே போய் நின்று கோயில் திருவிழாவில் விசிலடிக்கிற பையன் மாதிரி கத்தினேன். நான்கு எருமைகள் திரும்பிப் பார்த்தன.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது யோசனை சொல்வார்கள்.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் வழக்கம்போல இருட்டோடு கிளம்பிப் போனார். நான் ஏழு மணிக்குச் சைக்கிளை எடுத்தேன். மேடு ஏறியது. அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளின் ஓரமாக இறங்கும்போது, ஆள் சேராமல் நின்றுகொண்டிருந்த ஷேர் ஆட்டோவைத் தாண்டிப் போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், தாலி கட்டின அன்றைக்குக்கூட அப்படி இல்லை. நகரிக்குப் போனபோது கடைக்காரர் ஷட்டரின் பூட்டில் சாவியை விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நிமிர்ந்தார்.

"நீ ஏம்மா வந்தே?"

எட்டு மணிக்கு வரச் சொன்னீர்களே சார் என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு சனிக்கிழம சாயந்திரம் போன் பண்ணாரேம்மா. சைக்கிளு சரிப்படல, இனிமே அவ வரமாட்டா, வேற ஆள் பாத்துக்கோங்கன்னு சொன்னாரு. நான் ஒரு பொண்ண ஒம்போது மணிக்கு வரச் சொல்லிட்டனே."

டிபன் வாங்கப் போனவர். வடை வாங்கி வந்தவர். நேற்று முழுக்க என் கண்ணெதிரே டிவி பார்த்துக்கொண்டிருந்தவர். மோட்டார், பேட்டரி, பிரேக், இரும்புப் பட்டை என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, இவர் ஒரே போனில் என்னைக் கழற்றி வைத்துவிட்டார். அழுகை வந்தது, நடுத்தெருவில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவரு நீ வரமாட்டேன்னாரு. நீ வந்து நிக்கிற. நான் யாரு பேச்சைக் கேக்கறது?" என்றார் கடைக்காரர்.

"இங்க வேலை செய்றது யாரு சார்?" என்றேன். கேட்க நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அவர் என்னையும் பார்த்தார், முன்னால் வயிறு தள்ளி நிற்கும் என் சைக்கிளையும் பார்த்தார். சாவியை என் கையில் கொடுத்தார். ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வந்தாள். தலை நிறையப் பூ வைத்து, புது சுடிதார் போட்டிருந்தாள். கடைக்காரர் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். அவளும் எந்த ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து வந்தாளோ. நான் மாத்திரை அட்டைகளை எண்ணுவது போல் குனிந்துகொண்டேன்.

நாள் முழுக்க வீட்டுக்காரரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்தேன். தமிழில் போதாமல் தெலுங்கிலும் சேர்த்தேன். சாயந்திரம் திரும்பி வந்தபோது அவர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் என்னையும் சைக்கிளையும் காணாமல் வந்திருப்பார் போல. நான் இறங்கினதும் முன் சக்கரத்தைப் பார்த்தார், பேட்டரிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நீ அங்க போய் அவமானப்பட்டு நிக்கக் கூடாதுன்னுதான்மே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "மேடு ஏறிச்சா?"

சேர்த்து வைத்த வார்த்தைகளை அப்புறத்துக்கு வைத்துக்கொண்டு, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன்.

"ஏறிச்சு. நாளைக்கும் ஏறும். கடைக்குப் போன் பண்ணி அதையும் நீயே சொல்லிடு."